கச்சானுக்கு எதிரே 200 கிலோமீற்றர்: எந்த வீதியில் பழகுவது?

கச்சான் என்றால் திருகோணமலையில் இரண்டு பொருள். ஒன்று, கடற்கரையில் வண்டிலில் வறுத்துச் சுருட்டித் தரும் நிலக்கடலை. மற்றது, வைகாசி பிறந்ததும் தென்மேற்கிலிருந்து கிளம்பி, கொடியில் போட்ட உடுப்பை அரை மணியில் காயவைத்து, உதட்டையும் சேர்த்து வெடிக்கவைக்கும் காற்று. முதலாவதைக் கொறித்துக்கொண்டிருந்தபோதுதான் நாங்கள் நான்கு பேரும் இரண்டாவதற்குள் போய் விழுகிற முடிவை எடுத்தோம். செப்டெம்பரில் ஒரு 200 கிலோமீற்றர் கூட்டுச் சைக்கிளோட்டம். கெடு பதின்மூன்றரை மணித்தியாலம்.

எங்களில் ஒருவர்கூட அதற்குமுன் ஒரே நாளில் அறுபதைத் தாண்டியதில்லை. ஒருவர் உவர்மலையிலிருந்து கந்தோருக்குத் தினமும் சைக்கிளில் போகிறவர். அந்தக் கணக்கில் அவர்தான் எங்கள் வீரர். வேலை நாட்களில் விடிய ஒரு மணித்தியாலம் மிதிக்க எந்த வீதியும் சரிதான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரும் நெடும்பயணம்தான் சிக்கல். 80, 100, 120 என்று ஏற்றிக்கொண்டு போய்க் கடைசியில் 170 வரை தொடவேண்டும். ஊரைவிட்டு வெளியேறப் பெரிய வீதிகள் நான்கு. நாங்களும் நான்கு பேர். வாக்கெடுப்பு எப்படி முடிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் வைகாசி தொடங்கி ஒவ்வொரு வீதியாகப் போய்ப் பார்த்தோம். இதே கேள்வியோடு இருக்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஓட்டம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் வீதியைத் தீர்மானிப்பது அதுதான். கேப் டவுணில் ஆண்டுதோறும் நடக்கும் 109 கிலோமீற்றர் ஓட்டத்தில் பல்லாயிரம் பேர் வருவார்கள், அவர்களுக்காக வீதியையே மூடிவிடுவார்கள். எங்களுடையது அந்த வகையல்ல. ஓடாக்ஸ் முறை என்பார்கள். 200 கிலோமீற்றருக்குப் பதின்மூன்றரை மணித்தியாலம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. இந்த நான்கையும் முடித்தவர்கள்தான் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாரிஸிலிருந்து பிரெஸ்ற் போய்த் திரும்பும் 1200 கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் போக முடியும். 1891இல் பந்தயமாகத் தொடங்கிய அந்த ஓட்டத்தில் இப்போது முதலிடம் இரண்டாமிடம் எதுவும் கிடையாது, 90 மணித்தியாலத்துக்குள் வந்து சேர்ந்தால் சரி. எல்லா ஓடாக்ஸிலும் இதுதான் ஒழுங்கு. கையில் ஓர் அட்டை தருவார்கள், இடையிடையே உள்ள நிலையங்களில் முத்திரை குத்தவேண்டும், நிலையங்களுக்கு இடையில் பின்னால் உதவி வாகனம் வரக்கூடாது. லொறியும் நாயும் மாடும் வழமைபோல வீதியில் இருக்கும். காற்றுப் போனால் நீயே ஒட்டிக்கொள்.

பதின்மூன்றரை மணி என்பது கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. மணிக்கு 20 கிலோமீற்றர் வீதம் மிதித்தால் பத்து மணித்தியாலம் போகும், சாப்பிடவும் காலை நீட்டவும் மூன்றரை மிச்சம். ஆனால் எதிர்காற்றில் வேகம் 16க்கு இறங்கினால் மிதிப்பதற்கே பன்னிரண்டரை மணி. மிச்சமுள்ள ஒரு மணித்தியாலத்தில் இரண்டு ஒட்டுப் போட்டு, ஒரு பார்சல் சோறும் சாப்பிட்டு, முத்திரையும் குத்திக்கொள்ளவேண்டும். ஐரோப்பாக்காரர்களுக்குக் கோடைப் பகல் நீளம். நமக்கு ஆண்டு முழுக்கப் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் முன்பின். கெடு முழுவதையும் பயன்படுத்துகிறவர் ஒரு முனையில் இருட்டில் ஓடித்தான் ஆகவேண்டும். ஆகவே நாங்கள் பழகவேண்டியவை மூன்று: காற்று, தண்ணீர், இருட்டு. மலையேற்றம் இந்தக் கணக்கில் இல்லை. இருந்தாலும் கோணேசர் கோயில் ஏற்றத்தையும் உவர்மலையையும் விட்டால் எங்களுக்கு வேறு மலை எங்கே?

புல்மோட்டை வீதியில் தொடங்கினோம். பார்த்தால் எல்லோரும் அதைத்தான் தெரிவு செய்வார்கள். அலஸ் தோட்டம், சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று கடலோரமாகவே போகும் வீதி, சுமார் 55 கிலோமீற்றர், பெரிய வாகனங்களும் குறைவு. போய்த் திரும்பினால் 110, பயிற்சிக்கு அளவெடுத்துத் தைத்தது போல. நானும் அதற்குத்தான் கை தூக்கினேன்.

அந்த வீதி வடமேற்கே ஓடுகிறது, கச்சானோ தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. அதாவது போகும்போதும் பக்கக்காற்று, வரும்போதும் பக்கக்காற்று. இது எதிர்காற்றைவிட மோசம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. போகும்போது இடது தோளில் அடித்து வீதியின் நடுவுக்குத் தள்ளுகிறது. நாம் ஓடுவது இடப்பக்கம், பின்னால் வான் வருகிறது, ஹாண்டிலைக் காற்றுக்குள் சரித்துப் பிடித்துக்கொண்டே போகவேண்டும். வரும்போது வலப்பக்கத்திலிருந்து அடித்துக் கரையோர மணலுக்குள் இறக்குகிறது, வான் முந்தும் கணத்தில் காற்று மறைபட்டு, அடுத்த கணம் திரும்ப அறைகிறது. கால் நோவதற்கு முன் கையும் கழுத்தும் நொந்துவிட்டன.

கூட்டமாக ஓடும் பலனும் அங்கே கிடைக்காது. எதிர்காற்றில் முன்னால் போகிறவரின் பின் சில்லுக்கு நேர் பின்னால் ஒதுங்கிவிட்டால் நமக்கு ஆகும் சக்தியில் கால்வாசிக்கு மேல் மிச்சமாகும். பக்கக்காற்றில் ஒதுக்கம் நேர் பின்னால் இல்லை, சாய்வாகப் பக்கத்தில் இருக்கிறது. நான்கு பேரும் அதில் ஒதுங்கவேண்டுமானால் வீதியின் அகலம் முழுக்கச் சாய்வு வரிசையாக விரிந்து போகவேண்டும். மூடிய வீதியில் பந்தயக்காரர்கள் அப்படிச் செய்வார்கள். நாங்கள் செய்தால் முதல் வளைவிலேயே பஸ்காரர் எங்களுக்கு இறுதி முத்திரை குத்திவிடுவார்.

குச்சவெளி தாண்டினால் கடைகள் குறைந்துவிடுகின்றன. ஒருபக்கம் களப்பு, மறுபக்கம் பற்றை, நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது மணி பதினொன்று. நான் நான்கு போத்தல் வெறும் தண்ணீர் குடித்திருந்தேன், உப்பாக ஒன்றும் உள்ளே போகவில்லை. சலப்பையாற்றுக்குக் கிட்டத் தலையிடி, அதன்பின் வாந்தி. குடிக்கிறேன்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வியர்வையில் உப்புப் போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் இரத்தத்திலுள்ள சோடியம் இன்னும் நீர்த்துப்போகும் என்பதைப் பிறகுதான் படித்தேன். நிலாவெளிவரை தள்ளாடி வந்து, அங்கிருந்து ஓட்டோவுக்குள் சைக்கிளின் முன்சில்லைக் கழற்றித் திணித்துக்கொண்டு வீடு வந்தேன். ஓட்டோத் தம்பி காசு வாங்கும்போது, "அண்ணை, இதுக்கு மோட்டச்சைக்கிள் வாங்கலாமே" என்றான். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

மாசி, பங்குனியில் காற்று ஓய்ந்திருக்கும்போது பழகுகிறவர்கள் இந்த வீதியைத் தாராளமாக எடுக்கலாம். அப்போது அதைப்போல இன்னொன்று இல்லை. கச்சான் மாதங்களில் குச்சவெளிவரை போய்த் திரும்புவது போதும்.

இரண்டாவது மட்டக்களப்பு வீதி. சீனக்குடா, வெள்ளைமணல், கிண்ணியாப் பாலம், உப்பாறு, கங்கை, மூதூர், தோப்பூர், கிளிவெட்டி என்று வெருகல்வரை அறுபது கிலோமீற்றர் அளவில் வரும். ஒரு காலத்தில் இதை ஒரே மூச்சில் ஓடலாம் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். கிண்ணியாத் துறையில் இறங்கிப் 'பாதை' வரும்வரை காத்து நிற்கவேண்டும். வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக் கரை மாற்றும் மிதவைக்குத்தான் எங்கள் பக்கம் பாதை என்று பெயர். 2009இல் 396 மீற்றர் நீளத்தில் பாலம் வந்தபின் அந்தக் காத்திருப்பு போய்விட்டது. விடியற்காலையில் அந்தப் பாலத்தின் நடுவில் வரும்போது இரண்டு பக்கமும் நீர். சைக்கிள்காரருக்கு இந்த மாவட்டம் தரும் மிகப் பெரிய பரிசு அந்த ஒன்றரை நிமிடம்தான் என்பேன்.

இங்கே தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. ஊருக்குப் பின் ஊர். பள்ளிவாசல், கோயில், தேத்தண்ணிக் கடை என்று எங்கும் குழாயும் ஆட்களும். காற்று இதிலும் பக்கத்திலிருந்துதான், ஆனால் வீடுகளும் தென்னைகளும் பல இடங்களில் மறைத்துக்கொள்கின்றன. குறை என்னவென்றால் ஓடவிடமாட்டார்கள். மாடு, பாடசாலைப் பிள்ளைகள், குறுக்கே திரும்பும் லேண்ட்மாஸ்டர், அறுவடைக் காலத்தில் வீதியின் பாதியில் காயப் போட்ட நெல். வெள்ளி நண்பகலில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், தொழுகை விட்டு வரும் கூட்டத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டியிருக்கும். பதினைந்து நிமிடம் ஒரே சீராக மிதிக்க முடியாத வீதியில் நூற்று எழுபதுக்குக் காலைப் பழக்க முடியாது. ஆனால் முதல் 80, முதல் 100 என்று எது உடைந்துபோகும் என்று தெரியாத கட்டத்தில் இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. சீற் உயரம் பிழை என்று தோப்பூரில் தெரிந்தால் தோப்பூரிலேயே திருத்திக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் திருத்தினோம்.

அனுராதபுர வீதியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கன்னியா தாண்டிப் பன்குளம், மொரவெவ பக்கம் நிழல் உண்டு, அமைதி உண்டு, அந்த அமைதியில் யானையும் உண்டு. காட்டுக்குள் காற்றுப் போனால் ஒட்டுப் போடும் இருபது நிமிடமும் பின்னால் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒருமுறை போனோம். திரும்பும்போது கன்னியாவில் ஏழு கிணற்று வெந்நீரில் குளித்துவிட்டுப் போவோம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வெளியே வெயில் 36 பாகை. அவரோடு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கடைசியில் வருவது கந்தளாய் வீதி. நான்கு பேரில் ஒருவர் மட்டும் சொன்ன வீதி, அதுவும் தயிருக்காகத்தான் சொல்கிறார் என்று நாங்கள் கேலி செய்த வீதி. கப்பல்துறை, தம்பலகாமச் சந்தி, முள்ளிப்பொத்தானை, கந்தளாய், அக்போபுர, கல்ஓயாச் சந்தி, ஹபரணை. ஒருவழி சுமார் 85 கிலோமீற்றர். நல்ல காபெற் வீதி, ஓரத்திலும் இடம் இருக்கிறது. சீனக்குடாப் பக்கத்திலிருந்து மாவும் சீமெந்தும் ஏற்றிய கனரக லொறிகள் ஓடுகிற வீதியும் இதுதான். முதல் அரை மணித்தியாலம் ஒவ்வொரு லொறிக்கும் உடம்பு சுருங்கும். அப்புறம் பழகிவிடும். அவை பெரும்பாலும் நேராகப் போகின்றன, மூதூரில் மோட்டார்சைக்கிள் திரும்புவது போலச் சொல்லாமல் திரும்புவதில்லை.

ஹபரணை இருப்பது தென்மேற்கே. கச்சான் வருவதும் அங்கிருந்தே. ஆகப் போகும் பாதி முழுக்க நேர் எதிர்காற்று, வரும் பாதி முழுக்க அது முதுகில். களைத்தபின் வீடு நோக்கி யாரோ தள்ளிவிடுகிறார்கள் என்றால் வேறென்ன வேண்டும்? ஆனி மாதம் கந்தளாய்க்கு அப்பால் அறுபதாவது கிலோமீற்றர்வரை போய்த் திரும்பினோம், மொத்தம் 120. போக மூன்றே முக்கால் மணித்தியாலம். திரும்ப இரண்டரை.

நேர் எதிர்காற்று என்பதால் ஒருவர் பின் ஒருவராக ஓடவும் இங்கேதான் பழகினோம். கூட்ட ஓட்டத்துக்கு இது கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். இரண்டு கிலோமீற்றர் கட்டைக்கு ஒருமுறை முன்னால் போகிறவர் மாறுவார். பள்ளம் வந்தால் கையைக் கீழே காட்டவேண்டும், சத்தமும் போடவேண்டும். திடீரென்று பிரேக் பிடிக்கக்கூடாது. முன்னவரின் பின்சில்லுக்குப் பக்கவாட்டில் நம் முன்சில்லை ஒருபோதும் நுழைக்கக்கூடாது, அவர் ஒரு சாண் விலகினாலும் விழுவது நாம்தான். புல்மோட்டை வீதியில் மூன்று கிழமை ஓடியும் இவற்றில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, தெரியவேண்டிய தேவை அங்கே வரவில்லை.

யானை? உண்டு. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் காடு. ஆகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியா, கவுடுல்லக் குளங்களை நோக்கி யானைகள் கூடும் காலம் வேறு. ஆனால் இங்கே நேரத்தை நாம் வகுத்துக்கொள்ளலாம். விடியற்காலை நான்குக்கு வெளிக்கிட்டால் இருட்டுப் பயிற்சி கந்தளாய்வரையான நாற்பது கிலோமீற்றரில், ஊர்களுக்கு நடுவே முடிந்துவிடும். ஆறு மணிபோலக் கந்தளாயில் இடியப்பமும் சொதியும் தின்று, நன்றாக வெயில் ஏறியபின் காட்டுப் பகுதிக்குள் போகிறோம். அந்த வீதியில் எந்நேரமும் வாகனம் ஓடுவதால் முன்னால் யானை நின்றால் எதிரே வருகிற லொறி வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகிறது. பின்னேரம் நான்கு மணிக்குள் திரும்பக் கந்தளாய்க்கு வந்துவிடவேண்டும் என்பது எங்கள் சட்டம். வராவிட்டால் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வரவேண்டியதுதான், அதில் வீரம் காட்ட இடமில்லை. ஏற்றிவர வழியும் இந்த வீதியில்தான் அதிகம். கந்தளாயில் ஓட்டோ நிறைய. வெறுமனே சீனக்குடாவுக்குத் திரும்பும் லொறிக்காரரும் கேட்டால் ஏற்றுவார். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் ஸ்டேசன் இருந்தாலும் ரயிலை நம்பிப் புறப்பட முடியாது.

ஐப்பசிக்குப் பிறகு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். போகும்போது ஹபரணைவரை பறப்பீர்கள், ஆகா என்னுடைய காலுக்கு இவ்வளவு பலமா என்று நினைப்பீர்கள். திரும்பும்போது மழையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். அந்தப் பருவத்தில் பழகுகிறவர் இந்தக் கட்டுரையில் உள்ள ஹபரணையை வெட்டிவிட்டு வெருகல் என்று எழுதிக்கொள்ளலாம்.

எந்தச் சைக்கிள் என்று கேட்பவர்கள்தான் அதிகம். அதைப்பற்றி நாங்கள் வீதியைவிடக் குறைவாகத்தான் யோசித்தோம். வீட்டில் நின்ற லுமாலாவில் ஒருவர் வந்தார். நல்ல பாரம், கியர் இல்லை, ஆனால் வெருகல்வரை எந்த முனகலும் இல்லாமல் ஓடியது. எதிர்காற்றில் மட்டும் கியர் இல்லாதது முழங்காலைத் தின்றது. முன்னால் ஸ்பிரிங் வைத்த மலைச்சைக்கிள் இன்னொருவரிடம். மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. மெல்லிய ரயர் பந்தயச் சைக்கிள் வைத்திருப்பவர் நல்ல வேகம்தான், ஆனால் அதன் ரியூபுக்கு வால்வு வேறு மாதிரி. கந்தளாய்க் கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள், மாற்று ரியூப் இரண்டையும் அதற்கேற்ற பம்மையும் தானே சுமக்கவேண்டும். என்னுடையது யப்பானிலிருந்து வந்த செக்கன்ட் ஹாண்ட், ஆறு கியர், 26 அங்குலச் சில்லு. அழகில்லை, ஆனால் அதன் ரியூப் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். புதிதாக வாங்குவதானால் நான் இந்த வகையைத்தான் சொல்வேன். மிச்சக் காசில் பஞ்சு வைத்த காற்சட்டை ஒன்று வாங்குங்கள். உள்ளாடை இல்லாமல் போடவேண்டும், உரசும் இடத்தில் வஸ்லின் பூசவேண்டும். இதைச் சொல்ல வெட்கப்பட்டவர்கள்தான் நூறாவது கிலோமீற்றரில் நின்றுகொண்டு மிதிக்கிறார்கள்.

சாப்பாட்டில் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து என்பது கணக்கு. இரண்டு கதலிப்பழமும் ஒரு சின்னப் பணிசும் அதற்குள் அடங்கும். பசி வந்தபின் தின்பது பிந்திவிடும். சலப்பையாற்றுப் பாடத்துக்குப் பிறகு எங்கள் போத்தல்களில் ஒன்று வெறும் தண்ணீர், மற்றதில் ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல். பக்கற் தீர்ந்தால் ஒரு லீற்றருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். செவ்விளநீர் கண்ட இடத்தில் நிற்கலாம், ஆனால் அதில் உப்பு குறைவு, ஜீவனிக்கு அது மாற்றாகாது. வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாள் எடுக்கும். ஊரில் பிறந்தவர்தானே என்று நினைக்கவேண்டாம், பகல் முழுக்கக் கந்தோர் ஏசிக்குள் இருப்பவருக்கு ஊர் வெயில் அந்நியம்தான்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை ஹபரணை, மொத்தம் 170. விடிய நான்குக்கு அனுராதபுரச் சந்தியில் சந்திப்பு, முன்னும் பின்னும் லைட் இல்லாமல் வருகிறவர் வீட்டுக்குத் திரும்பவேண்டும். மூன்று பேர் ஒத்துக்கொண்டுவிட்டோம். புல்மோட்டைக் கட்சியில் மிஞ்சியிருக்கும் ஒருவர் மட்டும், முதுகில் காற்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவது ஒரு பயிற்சியா என்று இன்னும் கேட்கிறார். கந்தளாய் தாண்டியதும் முதல் பத்துக் கிலோமீற்றருக்கு அவரையே முன்னால் விடுவதென்று மற்ற மூவரும் பேசி வைத்திருக்கிறோம்.